சேர்த்துத் தைக்கப்பட்டவள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. என் தையல் கடைக்கு விடுமுறை. சங்கவி கோயமுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தாள். தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம் மூன்றும் செய்தேன். தேங்காய்ச் சாதத்தில் உப்பு குறைவு என்று வீட்டுக்காரர் சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவும்போது சங்கவி, பாலிண்ட்டைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

பாலிண்ட் ஹங்கேரிக்காரன். போன வருடம் 'ஃபிரெண்டு' என்று சொல்லிக்கொண்டு வந்து நான்கு நாள் இருந்தான். கொய்யா மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். இவர்கள் இருவரும் எஸ்பெராந்தோ என்ற பாஷையில் பேசிக்கொள்வார்கள். நூற்று முப்பது வருடத்துக்கும் முன்னால் ஒரு கண் டாக்டர் உட்கார்ந்து செய்த பாஷையாம். எந்த ஊருக்கும் சொந்தமில்லை என்பதால் எல்லோருக்கும் சொந்தமாம். கொரோனா சமயத்தில் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வீட்டில் கேக் செய்யக் கற்றபோது என் பிள்ளை இதைக் கற்றாள். கேக்கே கற்றிருக்கலாம்.

"எனக்குச் சம்மதந்தான். நல்ல பையன். உங்கம்மாகிட்ட கேட்டுக்கொ கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் பனியனோடு வாசலுக்குப் போய்விட்டார். நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். எதையும் அடுத்த ஷிப்டுக்குத் தள்ளிவிடுவார்.

"நீ வேண்டாம்னா நான் பண்ணிக்க மாட்டேன்மா. ஆனா வேற யாரையும் பண்ணிக்க மாட்டேன்" என்றாள் சங்கவி. இது கேள்வியா, மிரட்டலா?

யோசித்துச் சொன்னேன். "சம்பந்தியம்மாகிட்ட நான் நேர்ல உக்காந்து பேசோணும். நடுவுல நின்னு அவங்க இப்படிச் சொல்றாங்க, இவங்க அப்படிச் சொல்றாங்கன்னு நீ சொல்லக் கூடாது. பேசி என் மனசு ஒப்புச்சுன்னா உப்புச் சக்கரை மாத்திக்கலாம்."

எங்கள் பக்கம் இரண்டு வீட்டுக்காரர்களும் உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டை மாற்றிக்கொண்டால்தான் கல்யாணம் உறுதி. அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஹங்கேரி பாஷை தெரியாது. நடக்காது என்று தெரிந்துதான் சொன்னேன். முடியாது என்று என் வாயால் சொல்ல வேண்டாம் பாருங்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

பாலிண்ட்டின் அம்மா இலோனாவுக்கு என் நிபந்தனை ரொம்பப் பிடித்துவிட்டதாம். அந்த அம்மாளும் காலமான அவர் வீட்டுக்காரரும் ஏதோ எஸ்பெராந்தோ மாநாட்டில் பழகிக் கல்யாணம் செய்தவர்கள். பாலிண்ட்டை அந்தப் பாஷையில்தான் வளர்த்தார்களாம். 'பரிமளம் எஸ்பெராந்தோ கற்றுக்கொள்ளட்டும். நவம்பரில் வருகிறேன். நாங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவோம்' என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

நானே வெட்டிய துணி. நானே தைத்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சங்கவி வாரக் கடைசியில் வந்து சொல்லித்தருகிறாள். மற்ற நாளில் போனில் ஒரு ஆப். கற்றுக்கொள்ளும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. இதில் என்ன குறை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான்.

இதுவரை ஒன்று தெரிந்துகொண்டேன். இந்தப் பாஷையில் சொற்களைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். வேண்டியதை எடுத்து மூட்டிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்கு 'மல்சனுலேயோ'. முதலில் வாய்க்குள் நுழையவில்லை. பழைய ஜாக்கெட்டைப் பிரிப்பதுபோல் ஒவ்வொரு மூட்டாகப் பிரித்தேன். மல் என்றால் எதிர். சன் என்றால் ஆரோக்கியம். உல் என்றால் ஆள். ஏய் என்றால் இடம். கடைசி ஓ, பெயர்ச்சொல் என்பதற்குப் போட்ட ஊக்கு. ஆரோக்கியமில்லாத ஆள் இருக்கும் இடம்.

அப்படியானால் முன்னால் இருக்கும் மல்லை மட்டும் பிரித்து எடுத்துவிட்டால்? சனுலேயோ. ஆரோக்கியமான ஆட்கள் இருக்கும் இடம். அப்படி ஒரு சொல் இருக்கிறதா என்று சங்கவியைக் கேட்டேன்.

"நீ சொல்லிட்டியேம்மா, இனி இருக்கு" என்றாள்.

இராத்திரி கொள்ளு ரசம் வைத்தேன். வைக்கும்போது ஏழெட்டுச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். பொழுது போகத்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கடையில் என்னோடு வேலை செய்யும் ஜெயக்கொடியிடம், "தொந்தீலோவை எடு" என்று கத்தரிக்கோலைக் கேட்டுவிட்டேன். காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "யாருக்குங்க்கா தொந்தி?" என்றாள். அளவு கொடுக்க வந்திருந்த பாங்க் மேனேஜரம்மா முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று பாடம் உறவுமுறை. மாமியாருக்குப் 'போபத்ரீனோ'.

பிரித்தேன். போ, பத்ர், ஈன், ஓ. பத்ர் என்றால் அப்பா. ஈன் என்றால் பெண். அப்பாவைப் பெண்ணாக்கினால் அம்மாவாம். பத்து மாசம் சுமந்தவள் ஒருத்தி, சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பவர் அப்பா! சங்கவி சிரித்தாள். இதைப் பற்றி எஸ்பெராந்தோக்காரர்களே ரொம்ப நாளாகச் சண்டை போடுகிறார்களாம். போடட்டும்.

'போ' என்றால் என்ன என்று கேட்டேன். கல்யாணத்தால் வரும் உறவுக்கு முன்னால் போடுவது என்றாள். அதற்கு முன்னால்? அது எங்கிருந்து வந்தது? அவளுக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்துவிட்டு, பிரெஞ்சில் மாமனார் மாமியாரை அழகான அப்பா, அழகான அம்மா என்கிற மாதிரி ஒரு சொல்லால் சொல்வார்களாம், அந்த 'அழகு'தான் இங்கே 'போ' ஆகிவிட்டது என்றாள். பத்ர் லத்தீன் துண்டு. ஈன் ஜெர்மன் துண்டு. மூன்று தேசத்துக் கட்பீஸ் சேர்த்து ஒரு மாமியார்.

என் மாமியாரை நினைத்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் நான் வைத்த குழம்பை நான் பார்க்கப் பார்க்க மாட்டுத் தொட்டியில் ஊற்றியவர். பிறகு எனக்கு டைபாய்டு வந்தபோது பதினைந்து நாள் பக்கத்திலேயே படுத்தவரும் அவர்தான். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று யார் சொல்ல முடியும்?

செப்டம்பர் 14, ஞாயிறு

பிடித்துவிட்டேன் குறையை!

இந்தப் பாஷையில் சம்பந்திக்குச் சொல் இல்லை. எனக்கு மருமகன் உண்டு, மாமியார் உண்டு, கொழுந்தன் உண்டு. என் மகளைக் கட்டியவனின் அம்மா எனக்கு என்ன என்று கேட்டால் பாஷை விழிக்கிறது. "அவ்வளவு பெரிய டாக்டரு, இத்தனை வருசம், ஒரு சம்பந்திக்குச் சொல்லு செய்யல பாரு" என்று சங்கவியிடம் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

அவள் இலோனாவுக்குச் செய்தி அனுப்பினாள். ஹங்கேரி பாஷையில் அந்த உறவுக்குத் தனிச் சொல்லே இருக்கிறதாம். கல்யாணப் பெண்டு என்கிற மாதிரி வருமாம். 'பரிமளத்துக்கு அது தேவைப்படுகிறது என்றால் எனக்கும் தேவைப்படுகிறது. நாம் இருவரும் ஒன்று செய்வோம்' என்று எழுதியிருக்கிறார்.

எஸ்பெராந்தோ குழுவில் சங்கவி கேட்டதற்குக் 'குன்போபத்ரீனோ' என்று யாரோ சொன்னார்கள். கூட மாமியாராக இருப்பவள். வேண்டாம் என்றேன். அதிலும் நடுவில் அப்பா சட்டமாக உட்கார்ந்திருக்கிறார்.

செப்டம்பர் 22, திங்கள்

இலோனா சேலை கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாராம். ஜாக்கெட்டை நான்தான் தைக்க வேண்டும். நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை, அது வேறு. வீட்டுக்கு வரும் விருந்தாளி அளவில்லாத ரெடிமேடைப் போட்டுக்கொண்டு நின்றால் ஊர் என்னைத்தான் பேசும்.

"வீடியோல டேப் வச்சுக் காட்டச் சொல்றேன்மா" என்றாள் சங்கவி.

"டேப்பு பொய் சொல்லும் அம்மிணி. மூச்சை இழுத்துப் புடிச்சுட்டு நிக்காத பொம்பளை உண்டா? அளவு ஜாக்கெட்டு அனுப்பச் சொல்லு."

எங்கள் தொழிலில் உடம்பை அளப்பதைவிட, அவரவர் போட்டுப் பழகிய பழைய ஜாக்கெட்டை வாங்கி அதை வைத்துத்தான் வெட்டுவோம். துவைத்துத் துவைத்து உடம்பின் வளைவெல்லாம் அதில் ஏறியிருக்கும். நானே எஸ்பெராந்தோவில் எழுதுகிறேன் என்று போனை வாங்கினேன். முதல் முறை. பழையது என்று எழுதப் போனேன். பிறகு, இன்னும் முகமே பார்க்காத சம்பந்தியிடம் போட்டுக் கழித்ததை அனுப்புங்கள் என்றா கேட்பது? மரியாதை இல்லை. 'உங்கள் நல்ல சட்டை ஒன்றை அனுப்புங்கள், அளவுக்கு' என்று எழுதினேன்.

ஒரு பிழைகூட இல்லை என்றாள் சங்கவி. ஜெயக்கொடிக்கு வடை வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

பார்சல் வந்தது. வெள்ளைப் பட்டுச் சட்டை. பெட்டியைத் திறந்ததும் புதுத்துணி வாசம். அக்குளில் நிறம் மாறவில்லை, முழங்கையில் மடிப்பு இல்லை. உள்ளே விலை அட்டை கோத்த நூல்கூட அறுபடவில்லை. ஒரு தரம்கூடப் போடாத சட்டை.

திருப்பிக் கேட்கலாமா? நல்லது அனுப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் அனுப்பியது சரியில்லை என்றா எழுதுவது? சங்கவியிடமும் சொல்லவில்லை. அளவு அளவுதானே.

அக்டோபர் 15, புதன்

தீபாவளித் தையல். முதுகு போயிற்று. பாடம் இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

இலோனாவின் ஜாக்கெட் முடிந்தது. பச்சைப் பட்டு. எஸ்பெராந்தோக்காரர்களுக்குப் பச்சைதான் நிறமாம். கையில் சின்னதாக ஒரு நட்சத்திரம் ஜரிகையில் போட்டேன். வெள்ளைச் சட்டையின் அளவு இம்மியும் பிசகவில்லை.

பக்கவாட்டு மூட்டுகளில் வழக்கமாக ஒரு விரல் துணி உள்ளே விடுவேன். இதில் மூன்று விரல் விட்டிருக்கிறேன். துணி மிச்சமிருந்தது, அதனால்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

என் தம்பி சென்னியப்பன் ஜோசியரைப் பார்த்து உப்புச் சர்க்கரைக்கு முப்பதாம் தேதி என்று வைத்துவிட்டான். "அக்கா, நீ இன்னும் சரின்னு சொல்லலயாமே. சனத்தையெல்லாம் கூப்பிட்டாச்சு" என்கிறான். நான் சொல்லாமல் யார் கூப்பிடச் சொன்னது? இலோனா இருபத்தேழாம் தேதி வந்துவிடுவார், மூன்று நாள் இருக்கிறது, பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்க வேண்டியதையெல்லாம் எஸ்பெராந்தோவில் மனப்பாடம் செய்துவிட்டேன். வீடு சொந்தமா, பையனுக்குக் கோபம் வருமா, குளிர் எத்தனை மாசம். வீட்டுக்காரரிடம் அர்த்தத்தோடு ஒப்பித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் பாலிண்டே சொல்லிட்டானே புள்ள. நீ கேக்கறது இது இல்லயே" என்றார்.

இல்லைதான். ஒன்று இருக்கிறது. அதைத் தமிழிலேயே யாரிடமும் இன்னும் கேட்கவில்லை.

நவம்பர் 29, சனி

விமானம் பனியில் மாட்டி இரண்டு நாள் தாமதம். இன்று சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார்கள். பாலிண்ட் இறங்கியதும் கொய்யா மரத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டான். இலோனா நல்ல உயரம், நல்ல அகலம். பார்த்தவுடன் என் கண் தோளையும் மாரையும் அளந்துவிட்டது. அந்த வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது.

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல் வரவில்லை. ஆகஸ்ட்டிலிருந்து படித்தது அத்தனையும் போய்விட்டது. 'போன்வேனோன்' என்றேன், வரவேற்பு. பிறகு 'காஃபோ' என்றேன். காபி கொடுத்தேன். மறுபடி 'காஃபோ' என்றேன். மறுபடி கொடுத்தேன். பாவம், மூன்று தம்ளர் குடித்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

நாளைக் காலை உப்புச் சர்க்கரை. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் நான் தட்டை மாற்ற மாட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். கை வலித்தாலும் சரி.

காலையிலேயே சனம் வந்துவிட்டது. பத்தரை வரைக்கும் நல்ல நேரம். சமையலறைக்கு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஏனுங், நான் இன்னும் பேசல. இன்னொரு நாள் வச்சுக்கலாமுன்னு சொல்லீருங்" என்றேன்.

"அதை எப்படி நான் சொல்றது?" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைத்தார். சரி, நானே சொல்கிறேன் என்று கூடத்துக்கு வந்தேன்.

சங்கவி இலோனாவுக்குச் சேலை கட்டி அழைத்து வந்தாள். கொலுவில் வைத்த பொம்மைபோல் இரண்டு கையையும் விறைப்பாகத் தொங்கவிட்டுக்கொண்டு, மூச்சை மேலே பிடித்தபடி வந்தார். சிரித்தார். எல்லோருக்கும் வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினார்.

டர்ர்ரென்று ஒரு சத்தம்.

இடது அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் மூட்டு விட்டுப்போயிற்று. சென்னியப்பன் பெண்டாட்டி, "தட்டெடுக்கற நேரத்துல இப்படியா..." என்று இழுத்தாள். இன்னொருத்தி சகுனம் என்றாள். இலோனா கையை இறக்கிச் சேலையால் மூடிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. சங்கவி என்னையே பார்த்தாள். அவள் பார்த்த பார்வை, நான் இனி என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்துவிட்ட பார்வை.

நான் இலோனாவின் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். சங்கவி பின்னாலேயே வந்தாள். "நீ வெளிய இரு" என்று கதவைச் சாத்தினேன்.

கட்டிலில் உட்கார வைத்து மூட்டைப் பார்த்தேன். நூல்தான் விட்டிருக்கிறது, துணி கிழியவில்லை. உள்ளே மூன்று விரல் துணி அப்படியே இருந்தது. தையல் பெட்டியை எடுத்தேன். கழற்றி, மெஷினில் போட்டு, மறுபடி மாட்ட நேரமில்லை. போட்டிருக்கும்போதே தைக்கக் கூடாது என்பார்கள். அதையெல்லாம் பார்த்தால் ஆகுமா? பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, விட்டுப்போகாமல் இருந்த நூலையும் பிளேடால் பிரித்து, துணியை வெளியே இழுத்துவிட்டுக் கையால் தைக்க ஆரம்பித்தேன்.

ஊசி ஓட ஆரம்பித்ததும் வாயும் திறந்துகொண்டது. ஏன் என்று தெரியாது. முப்பது வருடமாக ஊசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் எல்லோரிடமும் பேசியிருக்கிறேன், அதனாலோ என்னவோ. எஸ்பெராந்தோவில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஏன் புதியது அனுப்பினீர்கள்?" என்றேன். "அளவுக்குப் பழையதுதான் வேண்டும்."

அவர் திரும்பிப் பார்த்தார். "நீ நல்லது கேட்டாய். என்னிடம் இருப்பதெல்லாம் பழையது. என் மகனின் மாமியாருக்குப் பழையதையா அனுப்புவேன்? கடைக்குப் போய் வாங்கினேன். பத்து வருடத்துக்கு முன்னால் எனக்கு இருந்த அளவு. நவம்பருக்குள் இளைத்துவிடுவேன் என்று நினைத்தேன்."

"இளைத்தீர்களா?"

"கூடிவிட்டேன். உன் முன்னால் எப்படிப் பேசப் போகிறோமோ என்ற கவலையில் தினமும் கேக் சாப்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசி அவரைக் குத்திவிட்டது. அவரும் 'ஆ' என்று சிரித்தார். நான் மரியாதைக்காகப் பழையது கேட்கவில்லை. அவர் மரியாதைக்காகப் பழையது அனுப்பவில்லை. புதியது என்று தெரிந்தும் நான் மரியாதைக்காகத் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டு மரியாதைக்காரிகள் சேர்ந்து ஒரு ஜாக்கெட்டைக் கிழித்திருக்கிறோம்.

வெளியே சென்னியப்பன் கதவைத் தட்டினான். "அக்கா, நேரம் போகுது!"

அப்போது கேட்டேன். மனப்பாடம் செய்த எதுவும் இல்லை. "என் மகள் அங்கே அழுதால், யாரிடம் சொல்லுவாள்?"

இலோனா என் கேள்வியை ஒரு தரம் தானே சொல்லிப் பார்த்தார். அது எனக்குப் பிடித்தது.

"என்னிடம் சொல்லலாம். ஆனால் நான்தான் அழவைத்திருந்தால்? என்னிடம் எப்படிச் சொல்லுவாள்? உன்னிடம் சொல்லுவாள். நீ என்னைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும்."

"திட்டத் தெரியாதே" என்றேன். நிஜமாகவே தெரியாது. நல்ல பிள்ளைபோல் பூ, வானம், ஆஸ்பத்திரி என்றுதான் சங்கவி சொல்லித்தந்திருக்கிறாள்.

"அது ரொம்பத் தப்பு" என்று இலோனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போதே கற்றுக்கொள். மாமியாருக்கு முன்னால் ஃபி என்று ஒரு துண்டு போடு. ஃபி என்றால் இழிவானது. சொல்லு, ஃபிபோபத்ரீனோ!"

"ஃபிபோபத்ரீனோ."

"போதாது. நான் உன் மகளை அழவைத்திருக்கிறேன்."

"ஃபிபோபத்ரீனோ!" என்று கத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கம் கூடம் முழுக்கச் சத்தம் அடங்கியது. "அய்யோ, அம்மா!" என்று சங்கவியின் குரல் கேட்டது.

இலோனா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவுதான். இனி உன் மகளை அனுப்பலாம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே முடிச்சுப் போட்டேன். சம்மதம் என்று சொல்ல அந்தப் பாஷையில் 'யெஸ்' என்றாலே போதும். சொன்னேன்.

எழுந்தேன். தனியாக எழ முடியவில்லை. இலோனாவும் என்னோடு சேர்ந்து எழுந்தார்.

என் முந்தானையை அவர் ஜாக்கெட்டோடு வைத்துத் தைத்துவிட்டேன். அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும், பொடித் தையலில், நல்ல உறுதியாக. கடை வைத்த நாளிலிருந்து இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. "அக்கா, பத்தே கால் ஆச்சு!" என்று சென்னியப்பன் கதவை உடைக்காத குறை. பிரித்துவிட்டு மறுபடி தைக்க நேரம் எங்கே இருக்கிறது?

இலோனா குனிந்து தையலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது என்ன?" என்றார்.

எனக்கே தெரியாமல் வாயில் வந்தது, துண்டு துண்டாக. "குன்... குத்ர்... இத்... ஈன்... ஓ." குன், சேர்த்து. குத்ர், தையல். இத், ஆகிவிட்டது. ஈன், பெண். ஓ, ஊக்கு. குன்குத்ரிதீனோ. சேர்த்துத் தைக்கப்பட்டவள்.

"அகராதியில் இல்லை" என்றார் இலோனா மெதுவாக. "ஆனால் கேட்டவுடன் புரிகிறது. நாம் தேடிய சொல் இதுதான், பரிமளம். அப்பா எங்கேயும் இல்லை!"

அப்படியே வெளியே வந்தோம். எதிரெதிரே உட்கார வேண்டிய சம்பந்திகள் ஒட்டிக்கொண்டு ஒரே பக்கம் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று பாலிண்ட் நினைத்துக்கொண்டான். அந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று எங்கள் சனம் நினைத்துக்கொண்டது. உப்பும் சர்க்கரையும் கை மாறின. நான் வலது கையை நீட்டினால் இலோனா சாய்ந்தார், அவர் நீட்டினால் நான் சாய்ந்தேன். என் வீட்டுக்காரர் கண்ணில்தான் அந்தத் தையல் பட்டது. குனிந்து என் காதில், "கல்யாணத்துக்கு முந்தியே முந்தானை முடிச்சா? அதுவும் ரெண்டு பொம்பளைகளுக்கு!" என்றார். சங்கவி அது காதில் விழுந்து, திரும்பித் தையலைப் பார்த்துவிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் வெற்றிலைத் தட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். மகள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

டிசம்பர் 1, திங்கள்

தையலைப் பிரித்தேன். இலோனா அந்த நூலை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கல்யாணம். இலோனாவின் ஜாக்கெட் இந்த முறை கச்சிதம். என் மகள் அழகாக இருந்தாள். வேறு எழுதத் தோன்றவில்லை. கால் வலி.

மார்ச் 15, ஞாயிறு

சங்கவி ஹங்கேரிக்குப் போய் மூன்று வாரம். போனில் குரல் கரகரவென்றிருந்தது. ஈரத் தலையோடு பனியில் வெளியே போனாளாம், காய்ச்சலாம். உடனே இலோனாவைக் கூப்பிட்டேன். "ஃபிபோபத்ரீனோ! என் பிள்ளையை ஈரத் தலையோடு விட்டாயா?" என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் திட்டினேன். பாதியில் சொல் தீர்ந்துவிட்டது. அவரே எடுத்துக் கொடுத்தார். மிச்சத்தையும் திட்டி முடித்தேன்.

வைக்கும்போது, "உச்சரிப்பு நன்றாகிவிட்டது" என்றார். பின்னால் சங்கவி சிரித்துக்கொண்டே இருமினாள். மனசு லேசாக இருந்தது. இராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இலோனா அவர் ஊர் எஸ்பெராந்தோ கூட்டத்தில் எங்கள் சொல்லைச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டதாம். பிரேசிலில் ஒரு பாட்டியம்மாள் தன் சம்பந்தியை அப்படித்தான் கூப்பிடுகிறாராம். அந்தப் பாஷைப் பத்திரிகைக்காரி ஒருத்தி சங்கவிக்கு எழுதியிருக்கிறாள். 'குன்குத்ரிதீனோ என்ற கூட்டுச் சொல்லின் மூலம் என்ன? எங்கே, யார் முதலில் சொன்னது?'

"நீயே சொல்லும்மா, நான் எழுதறேன்" என்றாள் சங்கவி போனில்.

சொன்னேன். "குன்னு லத்தீனாம். குத்ரு பிரெஞ்சாம். ஈனு ஜெர்மனாம். அதெல்லாம் அகராதியே சொல்லும். மீதிக்கு எழுதிக்கொ. ஊரு உடுமலைப்பேட்டை. கடை பேரு ராணி லேடீஸ் டெய்லர்ஸ். அளவு ஜாக்கெட்டு தப்பு."

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான். காரணம் ஜாஸ்தி மரியாதைன்னு போட்டுக்கொ."

பிறகு இலோனா பேசினார். டிசம்பரில் நாங்கள் அங்கே போகிறோம். குளிருக்கு எனக்குத் தன் கையால் ஸ்வெட்டர் பின்னப் போகிறாராம். அளவுக்கு ஒரு ஜாக்கெட் அனுப்பச் சொன்னார். பழையதா, நல்லதா என்று அவர் சொல்லவில்லை.

பீரோவைத் திறந்தேன். பட்டு ஜாக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டு அடியில் கையை விட்டேன். அடுப்படியில் போடுகிற பழுப்பு ஜாக்கெட். அக்குளில் வெளுத்து, கையில் மஞ்சள் கறை ஏறி, இரண்டு ஊக்கு இல்லாமல், முதுகில் நானே ஒட்டுப் போட்டது. ஜெயக்கொடிகூடப் பார்த்ததில்லை. துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். காய்ந்ததும் நாளைக்குப் பார்சல் போட வேண்டும்.